வெள்ளையை யார் தைப்பது?

பதுளை மாவட்டத்து ஹாலிஎலையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் முதல் நன்மைச் சட்டை எல்லாப் பிள்ளைக்கும் புதிதாக வாய்ப்பதில்லை. அக்காவுக்கு எடுத்தது தங்கைக்கு வரும், பிறகு பக்கத்து லயக் காம்பிராவுக்குப் போகும். அப்படியொரு சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அடுப்புப் புகை பிடிக்காதபடி பொலித்தீன் உறையில் போட்டு உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழ் விளிம்பில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மடிப்பைப் பிரித்து நீளமாக்கிய இரண்டு முறையும் பழைய தையல் தடம் விட்டிருந்தது. மூன்று பிள்ளைகள் அதை உடுத்தி நற்கருணை வாங்கியிருந்தார்கள்.

இந்த வெள்ளை உடையை விதித்தது யார்? திருச்சபைச் சட்டம் இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 913, 914ஆம் பிரிவுகள் பிள்ளைக்கு வயதுக்கேற்ற அறிவும் ஆயத்தமும் வேண்டும், முதலில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்கின்றன. உடையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. வெள்ளை நிறம் ஞானஸ்நானத்தில் போர்த்தும் வெள்ளாடையின் நினைவு. பெண்பிள்ளைகளுக்கு இடும் மணப்பெண் கோலமோ 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், முக்கியமாகப் பிரான்சில், பரவியது. அன்று பன்னிரண்டு வயதையொட்டித்தான் முதல் நன்மை கிடைத்தது. 1910 ஆகஸ்ட் 8 அன்று பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அந்த வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தார். வயது இறங்கியது; கோலம் இறங்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தைத்த கனவை ஏழெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் போட்டோம்.

வழக்கத்தின் நன்மையை முதலில் மனம்திறந்து சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நற்கருணையின் இறையியல் முழுவதும் பிடிபடாது. ஆனால் விடியற்காலையில் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டையை மாட்டியதும், இன்று மற்ற நாள் போன்றதில்லை என்பது அதற்குத் தெரிந்துவிடும். மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் பல மாதம் சொல்லிக்கொடுப்பதை அந்தச் சட்டை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. அதோடு, கங்காணி வீட்டுப் பிள்ளையையும் கொழுந்து பறிப்பவர் பிள்ளையையும் ஒரே வரிசையில் ஒரே நிறத்தில் நிறுத்துகிறது. தோட்டத்தில் அப்படியொரு வரிசை அமைவது அரிது.

ஆனாலும் ஹாலிஎலையில் வெள்ளைக்கு ஒரே பொருள் இல்லை. போயா நாளில் சிங்களப் பௌத்தர்கள் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போகிறார்கள்; அவர்களுக்கு அது சீலத்தின் நிறம். நம் குடும்பங்களிலோ பாதி உறவினர் சைவர்கள். பேத்தியைப் பார்க்க வந்த ஒரு பாட்டி, "ஏன் புள்ள, பச்சப்புள்ளைக்குப் போய் வெள்ளையா?" என்று மருமகளைக் கேட்டது என் காதில் விழுந்தது. அவருக்குத் தெரிந்த வெள்ளை, கணவனை இழந்தவள் உடுத்துவது. அந்தக் கேள்வி நியாயமானது. ஞானஸ்நான வெள்ளையின் பொருளை விளக்கும் கடமை நம்முடையது. அதைச் செய்யாமல் கவுனுக்கு லேஸ் மட்டும் கூட்டிக்கொண்டே போகிறோம்.

குறைகளில் முதலாவது செலவு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயானது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். கவுன், நெட், பூமுடி, சப்பாத்து, மேசு, மெழுகுதிரி, ஃபோட்டோ, வீட்டுச் சாப்பாடு என்று தனித்தனியே சின்னதாகத் தெரிபவை, கூட்டிப் பார்த்தால் சீட்டெடுப்பிலோ அடகிலோ கொண்டுபோய் விடுகின்றன. செலவு ஏறியதும் சமத்துவம் போய்விடுகிறது. வரிசையில் ஒரு வெள்ளை சட்டினில் பளபளக்கிறது, பக்கத்து வெள்ளை பழுத்துப்போய் நிற்கிறது. பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இல்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பையனுக்குச் சட்டையும் காற்சட்டையும் போதும். பெண்பிள்ளைக்கு மட்டும் மணப்பெண் கோலம். கிறிஸ்துவின் மணமகள் என்ற உருவகம் திருச்சபை முழுவதற்கும் உரியது. அதைப் பெண்பிள்ளையின் உடம்பில் மட்டும் ஏற்றுவது எந்த மறைக்கல்வி? சிறுவயதுத் திருமணம் இன்னும் ஒழியாத தோட்டங்களில், எட்டு வயதில் மணக்கோலத்தை ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை.

போலந்திலும் இத்தாலியிலும் பல பங்குகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேமாதிரியான வெள்ளை அங்கியைக் கொண்டுவந்துவிட்டன. இங்கும் அப்படிச் செய்து, விழா முடிந்ததும் அங்கியைத் திரும்ப வாங்கி வைக்கலாம் என்று நானே ஒருமுறை பேசினேன். ஒரு தாய் சொன்னார்: "வருசம் பூரா எம்புள்ள மத்தவங்க போட்டதத்தான் போடுது. அன்னைக்கு ஒரு நாளாச்சும் புதுசு போடட்டுமே." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எளிமை என்பது இருப்பவர் தாமாகக் கழற்றுவது. 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த இந்தத் தீவுக்கு யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் வந்தார். தம் உடையைத்தான் மாற்றினார். கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாகப் பிரிந்த பதுளை மறைமாவட்டத்துக்கு வந்தபோது தம் வசதியைத்தான் விட்டுவந்தார். ஏழைப் பிள்ளையின் புதுச்சட்டையைக் கழற்றி எளிமை போதிக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆகவே புதுசும் வேண்டும், சமமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தர முடியும். 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டத்தால் ஒரே வெள்ளைத் துணியில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதில் யாரும் கூச்சப்படுவதில்லை. அதைப்போலக் கோவில் ஒரே தானில் பருத்தித் துணி வாங்கட்டும். முடிந்தவர் முடிந்ததைப் பொதுப் பெட்டியில் போடட்டும், பெயர் எழுத வேண்டாம். லயத்திலேயே தையல் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்துத் தைப்போம். நெட்டும் பூமுடியும் வேண்டாம். சட்டை பிள்ளைக்கே சொந்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போட்டு வரலாம்.

அந்த இரண்டு கோட்டுச் சட்டையை அடுத்த காம்பிராவுக்குக் கொடுத்தவர்கள் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. லயம் தன் கையிலிருந்ததை வைத்து இத்தனை காலம் செய்ததற்குக் கோவில் இனிப் பொறுப்பேற்க வேண்டும். ஆயத்த வகுப்பின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே, அம்மாமார் கடைக்கு இறங்கி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், துணியைப் பற்றிப் பேசி முடித்துவிட வேண்டும்.