நாய்க்கும் ஓர் இலக்கணம்

நாயின் உயரத்தை அங்குலத்தில் அளக்கலாம். எடையைத் தராசில் நிறுக்கலாம். அதன் வேலைத்திறனை எதைக் கொண்டு அளப்பது? பார்சன் ரஸ்ஸல் டெரியர் என்னும் சிறு நாயினத்திற்கு அமெரிக்கக் கென்னல் கிளப் வகுத்துள்ள இலக்கணத்தில் இதற்கு விடை உண்டா எனப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் வரலாறு. 1819-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல் என்ற மாணவர், பால்காரர் ஒருவரிடமிருந்து ‘டிரம்ப்’ என்ற பெண் நாயை வாங்கினார். வெண்ணிற உடல், கண், காதுகளின்மேல் பழுப்புத் திட்டுகள். பிற்காலத்தில் பாதிரியாரான ரஸ்ஸல், இந்த நாயிலிருந்தே தம் டெரியர்களைப் பெருக்கினார். ‘பார்சன்’ என்றால் பாதிரியார், பெயர்க்காரணம் விளங்குகிறதல்லவா?

பெரிய வேட்டை நாய்கள் துரத்தும்போது நரி வளைக்குள் புகுந்துவிடும். டெரியர் பின்தொடர்ந்து நுழைந்து, குரைத்து நெருக்கி, நரியை வெளியேற்ற வேண்டும். உள்ளேயே கொன்றுவிட்டால் வேட்டை அத்துடன் முடிந்தது! ஆகவே துணிவோடு நிதானமும் வேண்டும். குதிரைகளோடு ஓடப் போதிய கால் நீளமும், வளைக்குள் நுழைய ஒடுங்கிய மார்பும் வேண்டும்.

இலக்கணம் இதை மறக்கவில்லை. ஆண் 14 அங்குலம், பெண் 13 அங்குலம் உயரம் சிறப்பு என்கிறது. தோளுக்குப் பின்னே மார்பைச் சராசரி மனிதரின் இரு கைகளால் சுற்றிப் பிடிக்க முடியவேண்டும் என்கிறது. நரி நுழைந்த வழியில் நாயும் நுழையுமா என்பதை இரண்டே கைகள் சொல்லிவிடுகின்றன! வேலையில் பட்ட பழைய தழும்புகளைக் குறையாகக் கொள்ளலாகாது என்ற விதியும் பாராட்டத்தக்கதே.

குறை எங்கே? காது நிமிர்ந்து நின்றால் நாய் தகுதி இழக்கும். உடலில் புலிவரி போன்ற கோடுகள் இருந்தாலும் தகுதி இழக்கும். ஆனால் வாழ்நாளில் ஒருமுறையேனும் வளைக்குள் நுழையாத நாய் பரிசு பெறத் தடையில்லை! இது சிறு குறையன்று. வளர்ப்போர் தேர்ந்தெடுக்கும் பண்பு தலைமுறைதோறும் வலுப்பெறும். தேர்வுக்கு உட்படாத பண்பு மெல்லத் தளரக்கூடும். உருவம் அப்படியே இருக்க, உள்ளிருந்த திறன் கரைந்துபோகலாம். 1997-இல் இச்சங்கம் இவ்வினத்தை ஏற்றபோது, வேலை நாய் வளர்ப்போர் பலர் எதிர்த்ததற்கு இந்த அச்சமே காரணம்.

அப்படியானால் மீண்டும் நரிவேட்டையா? வேண்டாம். இருட்டு வளையில் நடக்கும் போராட்டத்தில் இரு விலங்குகளும் துன்புறுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது.

மாற்று வழி அதே சங்கத்திடமே உள்ளது. 1994 முதல் அது ‘எர்த்டாக்’ என்ற சோதனையை நடத்துகிறது. 9 அங்குலச் சதுரச் சுரங்கத்தின் முடிவில், பாதுகாப்பான கூண்டில் எலிகள் இருக்கும். நாய் மோப்பம் பிடித்து நுழைந்து, குரைத்தோ கீறியோ தன் ஆர்வத்தைக் காட்டவேண்டும். கம்பிக்குப் பின்னுள்ள எலி திருப்பிக் கடிக்காது. எனவே நிதானத்தை இச்சோதனை முழுமையாக அளப்பதில்லை. எனினும் எவ்வுயிரையும் வதைக்காமல் முனைப்பை அளக்கிறது.

இச்சோதனையில் தேறாத நாய்க்குச் சாம்பியன் பட்டம் இல்லை என்று விதித்தால் போதும். இலக்கியம் கண்டபின் இலக்கணம் வகுப்பது நம் மரபு. வேலையைக் காணாமல் வேலை நாய்க்கு இலக்கணம் சொல்வது எப்படித் தகும்? நீங்களே சொல்லுங்கள்.