'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஊதுகுழல்

'தி சைன் ஆஃப் ஃபோர்' ஆர்தர் கானன் டாயில் எழுதிய துப்பறியும் நாவல். 1890-இல் லிப்பின்காட் மாத இதழில் வெளிவந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றும் இரண்டாவது நாவல் இது. இதில் கொலைக்கருவியாக வருவது ஊதுகுழல். அதைக் கையாள்பவன் டோங்கா என்னும் அந்தமான் தீவுவாசி. துப்பறியும் கதை என்ற அளவில் நாவல் பெற்ற புகழ் நியாயமானது. ஆனால் இக்கருவியைப் பற்றியும் அந்தமான் மக்களைப் பற்றியும் அது தரும் செய்திகள் பெரும்பாலும் பிழையானவை.

கதையில் ஊதுகுழல்

ஆக்ரா புதையலைத் தேடும் ஜோனதன் ஸ்மால், அந்தமான் சிறைக் குடியிருப்பிலிருந்து தப்பிய கைதி. அவனுடன் லண்டன் வரும் டோங்கா, பார்தலோமியூ ஷோல்டோவை நச்சு முள்ளால் கொல்கிறான். உட்பக்கம் பூட்டிய அறை, சிறிய காலடித் தடம், காதுக்கு மேலே தைத்த முள் ஆகியவற்றைக் கோத்து ஹோம்ஸ் கொலையாளியை ஊகிக்கும் இடம் நாவலின் சிறந்த பகுதி.

கருவியும் நஞ்சும்

ஊதுகுழலின் அமைப்பு அடுப்பூதும் குழலைப் போல எளியது. போர்னியோவின் பெனான், தயாக் மக்களும், மலாய் தீபகற்பத்தின் செமாங், தெமியார் மக்களும், அமேசான் காட்டு மக்கள் பலரும் உயர்ந்த மரங்களில் இருக்கும் பறவைகளையும் குரங்குகளையும் இதனால் வேட்டையாடினர். அம்பின் அடிப்பகுதியில் உள்ள நெட்டி அல்லது பஞ்சு குழலை அடைத்துக்கொள்வதால் மூச்சுக்காற்று வீணாகாது. குழல் நீளமாக இருந்தால் காற்று அம்பை அதிக தூரம் தள்ளும், வேகம் கூடும். வேட்டைக் குழல்கள் பல சுமார் 2 மீட்டர் நீளம் இருப்பது இதனால்தான். டோங்காவின் கையில் இருப்பதோ பள்ளி அடிக்கோல் அளவுள்ள உருளைக் கட்டை. ஓடும் படகிலிருந்து அடுத்த படகில் இருப்பவரைக் குறிபார்க்க அது போதாது.

நஞ்சிலும் குழப்பம் உண்டு. அமேசானின் குராரே தசைகளைத் தளரச் செய்து மூச்சை நிறுத்தும். தென்கிழக்காசியாவின் இப்போ மரப்பால் இதயத்தைத் தாக்கும். நாவலில் இறந்தவரின் உடல் விறைத்து, முகம் இளித்தபடி கிடக்கிறது. இது எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் நஞ்சின் விளைவு.

அந்தமானியர்

அந்தமான் மக்களின் வேட்டைக் கருவி வில்லும் அம்பும். காட்டுப்பன்றி வேட்டைக்கு, முனை கழன்று கயிற்றில் தொங்கும் அம்பை அவர்கள் செய்தனர். ஊதுகுழல் அவர்களிடம் இல்லை. அங்கு அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1883-இலேயே அவர்களின் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தார். நரமாமிசம் உண்பவர்கள் என்ற பேச்சையும் மறுத்தார். ஆனால் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நாவலில், ஹோம்ஸ் ஒரு விவரத் தொகுதியைத் திறந்து, அம்மக்கள் விகாரமானவர்கள், மனிதரைத் தின்பவர்கள் என்று வாசிக்கிறார். கண்ணால் கண்டதையே நம்ப வேண்டும் என்று பிறருக்குச் சொல்லும் துப்பறிவாளர், இங்கு அச்சிட்ட ஒரு பக்கத்தைக் கேள்வியின்றி ஏற்கிறார்.

மதிப்பீடு

இந்தப் பிழைகளை வெறும் தகவல் குறைகளாகக் கருத முடியாது. ஆங்கிலேயர் 1858-இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபின், மோதல்களாலும் வெளியிலிருந்து வந்த நோய்களாலும் பெரிய அந்தமானியர் வேகமாக அழிந்தனர். 1901 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 625 பேர். 1961-இல் 19 பேர். அழிந்துகொண்டிருந்த மக்களையே நாவல் லண்டனை அச்சுறுத்தும் ஆபத்தாகக் காட்டியது.

இதற்கு மாறான ஒரு குரலும் நாவலுக்குள் இருக்கிறது. டோங்கா தன்னிடம் விசுவாசமாக இருந்ததை ஸ்மால் ஒப்புக்கொள்கிறான். பிழைப்புக்காக அவனைச் சந்தைகளில் நரமாமிசம் தின்னும் காட்டுமிராண்டியாகக் காட்டி, பச்சை இறைச்சி தின்ன வைத்ததையும் சொல்கிறான். அந்தப் பயங்கரம் காசுக்காகப் போட்ட வேடம் என்பதற்கு இது கதையிலேயே கிடைக்கும் சாட்சி. ஹோம்ஸும் வாட்சனும் அதைக் கேட்டும் பொருட்படுத்துவதில்லை. நாவலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் ஹோம்ஸின் விவரத் தொகுதியையும் ஸ்மாலின் வாக்குமூலத்தையும் அடுத்தடுத்து வைத்து வாசிப்பது பயன் தரும்.