அடுக்களையில் ஆண்டவர்: சகோதரர் லாரன்சின் நூல் குறித்து ஒரு மதிப்பீடு

அன்றாட வாழ்வில் கடவுளை அணுகிச் சேர்வது எவ்வாறு என்று சபையார் வினவும்போது, போதகர்களாகிய நாம் எடுத்துக் கொடுக்கும் சிறு நூல்களுள் ஒன்று சகோதரர் லாரன்சின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய தொகுப்பாகும். தேவ பிரசன்னத்தில் வாழப் பயிலுதல் என்னும் பொருள்படும் தலைப்பில் அது உலகெங்கும் வழங்கி வருகிறது. ஜான் வெஸ்லி 1749 முதல் 1755 வரை 50 தொகுதிகளாக வெளியிட்ட தமது கிறிஸ்தவ நூல் வரிசையில் இதற்கும் இடமளித்தார். கத்தோலிக்கத் துறவி ஒருவரைப் புரோட்டஸ்டண்டு சபைகள் இத்துணை மனமுவந்து ஏற்றுக்கொண்டது வியப்பிற்குரியதே. ஆயினும், இந்நூல் போற்றப்படும் அளவிற்குப் படிக்கப்படுகிறதா என்னும் ஐயம் நமக்கு உண்டு. ஆதலின் இந்நூலில் பேசுபவர் யார், அவர் கூறுவது யாது, அதை நாம் யாருக்குக் கூறுகிறோம் என்னும் மூன்று வினாக்களை ஈண்டு எழுப்ப விழைகிறோம்.

நிக்கோலா ஹெர்மான் என்பது அவருடைய இயற்பெயர். ஏறத்தாழ 1614இல் லொரேன் நாட்டில் எளிய குடியில் பிறந்தார். முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காயமுற்றுக் கால் ஊனமானார். பின்னர்ச் செல்வர் ஒருவரிடம் ஏவலாளாக இருந்து, கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் வேலையாள் எனத் தம்மைத் தாமே எள்ளிக் கூறினார். 1640இல் பாரிசிலிருந்த கர்மேல் சபை மடத்தில் குருத்துவம் பெறாத சகோதரராகச் சேர்ந்தார். நெடுங்காலம் அடுக்களையிலும், பிறகு மடத்தாரின் காலணிகளைச் செப்பனிடும் இடத்திலும் உழைத்து, 1691இல் மறைந்தார். அவர் நூல் எழுதியவர் அல்லர். 1666, 1667ஆம் ஆண்டுகளில் அவரோடு உரையாடிய ஜோசப் தெ பொஃபோர் என்னும் குருவானவரே நான்கு உரையாடல்களைக் குறித்து வைத்து, எஞ்சிய கடிதங்களையும் திரட்டி, சகோதரரின் மறைவுக்குப்பின் 1692இலும் 1694இலும் வெளியிட்டார். ஒரு கடிதத்தைப் பிறர்க்குக் காட்டலாகாது என்று சகோதரர் வேண்டிக்கொண்டிருந்தார் என்பதும் நோக்கத்தக்கது. எனவே நாம் கேட்பது, கற்றறிந்த குருவானவர் ஒருவர் தெரிந்தெடுத்துக் கோத்துத் தந்த சமையற்காரரின் குரல். இதனால் நூலின் மதிப்பு குறைவதில்லை. எனினும் உழைப்பாளியின் பக்தியை உழைப்பாளியல்லாதார் எடுத்துரைக்கும்போது எது முன்னே வருகிறது, எது மறைகிறது என்று கவனிப்பது நம் கடமை.

நூலின் சாரம் எளிது. செயல்களை மாற்றுவது தேவையில்லை; நமக்காகச் செய்துவந்ததைக் கடவுளுக்காகச் செய்தலே தேவை. தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் குனிந்து எடுப்பதும், சட்டியிலுள்ள முட்டை அடையைப் புரட்டிப் போடுவதும் கடவுள்மீதுள்ள அன்பினால் செய்யப்படலாம். ஜெபவேளைக்கும் வேலைவேளைக்கும் இடையே தமக்கு வேறுபாடு இல்லை என்கிறார் அவர். சமயம் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு முடிந்துவிடுவதாக எண்ணும் சபைகளுக்கு இது மிகவும் வேண்டப்படும் போதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மேற்கோள் நூல்கள் விட்டுவிடும் பகுதிகள் சில உள. அடுக்களை வேலையில் சகோதரருக்கு இயல்பாகவே மிகுந்த வெறுப்பு இருந்தது. மடத்திற்குத் திராட்சரசம் வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, கால் ஊனத்தால் படகில் பீப்பாய்களின்மேல் உருண்டே நகர வேண்டியிருந்தது. வணிகத்திறமும் அவருக்கு இல்லை. இவற்றைவிட முக்கியமானது, தாம் தள்ளப்பட்டவர் என்னும் அச்சத்தில் அவர் நான்கு ஆண்டுகள் மனம் நொந்து கிடந்தார் என்பதாகும். கடிதமொன்றில் முதற் பத்து ஆண்டுகளின் துயரத்தை அவர் விவரிக்கிறார். இந்த இருண்ட ஆண்டுகளை நீக்கிவிட்டு அடை புரட்டும் காட்சியை மட்டும் பிரசங்கத்தில் கூறுவோமாயின், நாம் கொடுப்பது ஓர் எளிய உத்தி மட்டுமே. அதைக் கேட்டு வீடு சென்று, இரண்டு நாள் முயன்று, இயலாமல் சோர்ந்துபோகும் விசுவாசி, தம் விசுவாசமே குறையுள்ளது என்று எண்ணத் தலைப்படுவார். தவறினால் அதை அறிக்கையிட்டு, கலங்காமல் மீண்டும் தொடங்குவதே சகோதரரின் வழக்கம். இரட்சிப்பு கிருபையினால் என்று கற்பிக்கும் நமக்கு, நூலின் மிக நெருங்கிய பகுதி இதுவே.

இறையியல் மாணவர்க்கு மற்றொன்றும் கூற வேண்டும். வேலையே ஜெபம் என்று கூறிக் காலை ஜெபத்தைக் கைவிடுவோர் இவரைத் துணைக்கழைப்பதுண்டு. ஜெபமணி ஒலிக்கும் மடத்திற்குள், நியமிக்கப்பட்ட வேளைகளில் ஜெபிக்கும் சமூகத்தின் நடுவில் வாழ்ந்தவர் அவர். அந்த அரண் இருந்தமையால்தான் அவரால் அவ்வாறு பேச இயன்றது. அரண் இல்லாதார் அவர் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது, கரையில்லா ஆற்றில் நீரைத் தேக்க முயல்வதாகும்.

இனி நமது முதன்மையான குறையைக் கூறுவோம். கடிதங்களில் நோயுற்றோர்க்குச் சகோதரர் கனிவோடு ஆறுதல் கூறுகிறார். எனினும் அவர் சமைத்ததை உண்டவர்களைப்பற்றி உரையாடல்களில் காண்பது அரிது. லூதர் 1520இல் செர்மானியக் கிறிஸ்தவப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில், செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் ஆகிய அனைவரும் குருக்களுக்கும் ஆயர்களுக்கும் ஒப்பாகத் திருநிலை பெற்றவர்கள் என்றும், அவரவர் தொழிலால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். சகோதரர் அடையைக் கடவுளுக்காகப் புரட்டுகிறார். லூதர் காட்டும் தொழிலாளி செருப்பை அயலானுக்காகத் தைக்கிறார். கடவுளுக்கு நம் சமையல் தேவையில்லை, பசித்த அயலானுக்கே தேவை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி, அப்பசித்தவரிடமே ஆண்டவர் நம்மைச் சந்திக்கிறார். தேவ பிரசன்னம் உள்ளத்தின் ஆழத்தில் மட்டும் தேடப்படுமாயின், கதவருகே நிற்கும் பிரசன்னம் தவறிப்போகும்.

இக்குறையால் விளையும் தீங்கு எங்கே வெளிப்படுகிறது? எதைச் செய்தாலும் மனிதர்க்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே செய்யுமாறு கூறும் கொலோசெயர் 3:23ஐ உழைப்பாளிகளுக்கு நாம் விரும்பிப் போதிக்கிறோம். அவ்வசனம் அடிமைகளை நோக்கி எழுதப்பட்டது. அடுத்து வரும் 4:1 எசமானர்களை நோக்கி, நீதியும் செவ்வையுமானதைச் செய்யும்படி கட்டளையிடுகிறது. முதல் வசனத்தை உரத்தும் இரண்டாவதைத் தாழ்ந்த குரலிலும் வாசிக்கும் பிரசங்கம், கூலி குறைந்தவரைப் பொறுமையாயிரு என்று அடக்குவதற்கே பயன்படும். வீட்டு வேலையைத் தேவ பக்தியாய்ச் செய் என்று மனைவியிடம் கூறிவிட்டுத் தியான அறைக்குள் செல்லும் குடும்பத் தலைவருக்கும் இஃது ஏற்ற போர்வையாகிவிடும். லூதர் 1522இல் திருமண வாழ்வுபற்றி எழுதியபோது, குழந்தையின் துணியை அலசும் தகப்பனைக் கண்டு கடவுள் மகிழ்கிறார் என்று கூறியதை இங்கே நினைவுகூர வேண்டும். அடுக்களை கடவுளின் இடமென்றால், அங்கே ஆண்களும் செல்ல வேண்டாமோ?

ஆகவே இந்நூலை ஒதுக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. வெறுத்த வேலையை அன்பின் வேலையாக மாற்றிக்கொண்ட ஒரு மனிதரின் சான்று எக்காலத்துக்கும் உரியது. அதை அவர் தமக்கே விதித்துக்கொண்டார், தம் கீழிருந்தோர்க்கு விதிக்கவில்லை என்பதே அதன் தூய்மை. நாமும் முதலில் நம் வேலைகளில், நாம் வெறுக்கும் கணக்குப் புத்தகங்களிலும் குழுக்கூட்டங்களிலும், இதைப் பயின்று பார்ப்போமாக. பிறகு பிறர்க்குக் கொடுப்போமாக.

இறுதியாக ஒன்று. யாத்திராகமம் 20:10 ஓய்வுநாளை வீட்டுத் தலைவருக்கு மட்டுமன்றி, வேலைக்காரருக்கும் வேலைக்காரிக்கும் உரிமையாக்குகிறது. நம் குருமனைகளிலும் விடுதிகளிலும் நமக்காகச் சமைப்போர்க்கு அந்த ஓய்வும் ஏற்ற ஊதியமும் கிடைக்கின்றனவா என்று வினவாமல், சகோதரர் லாரன்சைப்பற்றி நாம் பேசும் பேச்சு நிறைவுபெறாது.