சாப்பாட்டு மேசையில் சொன்ன சாட்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சாலாக் செலாத்தானில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். கீழே மோட்டார் பட்டறை, மேலே சபை. ஆப்பிரிக்காவுக்கு இரண்டு வார மிஷன் பயணம் போய்வந்தவர்கள் சாட்சி சொல்லும் கூட்டம் அது. நண்பன் கூப்பிட்டான், போனேன். திரையில் படங்கள் ஓடின. செம்மண் பாதை, தகரக் கூரை, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள். பள்ளி ஆசிரியையான ஓர் அக்கா மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினார். "அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க தெரியுமா? நமக்கு எல்லாம் இருக்கு, நன்றி சொல்லத்தான் மறந்துட்டோம்." பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் லேசாகக் கலங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இருபது நிமிடத்தில் ஒரு மனிதரின் பெயர்கூட வரவில்லை. நாட்டின் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. மற்ற நேரமெல்லாம் 'ஆப்பிரிக்கா', 'ஆப்பிரிக்கா'தான். ஐம்பத்து நான்கு நாடுகள் உள்ள ஒரு கண்டம், ஒரு கிராமம் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. கூட்டம் முடிந்து சாப்பிடும்போது அதே அக்கா வேறொரு கதை சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதில் இலக்கிய விமர்சனத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பற்றி நான் முதன்முதலில் கேட்டது எந்த நாவலிலிருந்தும் இல்லை, சின்ன வயதில் இப்படியொரு சாட்சியிலிருந்துதான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளர்ந்த பல தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சபைப் பத்திரிகையில், ஜெபக் கடிதத்தில், வாட்ஸ்அப் குழுவில் வரும் மிஷன் குறிப்புகள் நம்மிடையே உயிரோடு இருக்கும் ஒரு பயண இலக்கியம். யாரும் அதை அப்படி அழைப்பதில்லை, அவ்வளவுதான். அதற்கென்று ஒரு வடிவமும் உண்டு. விமான நிலையத்தில் ஒரு தடங்கல், ஜெபம், தடங்கல் நீங்குதல், வறுமையைப் பார்த்து அதிர்ச்சி, பிள்ளைகளின் பாட்டு, கண்ணீர், திரும்பி வந்தபின் நன்றியுணர்வு. வெண்பா மாதிரி இலக்கணம் தவறாத வடிவம்.

'சாட்சி' என்ற சொல் நீதிமன்றத்திலும் இருக்கிறது. அங்கே சாட்சி சொன்னவரை யாரும் கைதட்டி அனுப்பிவிடுவதில்லை. குறுக்கு விசாரணை உண்டு. நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய், வெளிச்சம் இருந்ததா, அவர் சொன்னது உனக்கு எந்த மொழியில் புரிந்தது? சபை மேடையில் இந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் கிடையாது. அந்த வேலையை இலக்கியம் செய்ய முடியும். செய்தும் இருக்கிறது.

காமரூன் எழுத்தாளர் மோங்கோ பெட்டி 1956இல் பிரெஞ்சில் எழுதிய 'பொம்பாவின் ஏழைக் கிறிஸ்து' என்ற நாவலை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. முழு நாவலும் ஒரு மிஷன் பயணத்தின் நாட்குறிப்புதான். ஆனால் அதை எழுதுவது பாதிரியார் இல்லை, அவருக்குப் பணிவிடை செய்யும் டெனிஸ் என்ற ஆப்பிரிக்கச் சிறுவன். டிரூமோன் பாதிரியார் தாலா மக்களைத் தண்டிப்பதற்காக மூன்று வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, இந்நேரம் மனம் திரும்பி ஏங்கிக் கிடப்பார்கள் என்று நம்பிப் புறப்படுகிறார். போய்ப் பார்த்தால் யாரும் ஏங்கவில்லை. கூடவே போகும் சமையல்காரன் சக்கரியா ஓரிடத்தில் போட்டு உடைக்கிறான். ரயிலையும் விமானத்தையும் ஓடவைக்கும் உங்கள் ரகசியத்தைக் கற்றுக்கொள்ளத்தான் ஜனங்கள் முதலில் வந்தார்கள், நீங்களோ கடவுளையும் ஆத்துமாவையும் பற்றிப் பேசினீர்கள், அதெல்லாம் அவர்களுக்கு முன்னமே தெரியும் என்கிறான். டெனிஸுக்குப் பாதிரியார்மேல் அப்படியொரு பக்தி. அவன் பார்த்ததையெல்லாம் புரியாமலேயே எழுதிவைக்கிறான், வாசிக்கிற நமக்குப் புரிகிறது. நாம் மேடையில் காட்டும் படங்களில் சிரிக்கிற பிள்ளைகளில் ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கும்? இந்த நாவலை வாசித்த பிறகு அந்தக் கேள்வி விடாது.

சினுவா அச்செபேயின் நாவலைப் பலர் 'சிதைவுகள்' என்ற தமிழாக்கத்தில் வாசித்திருப்பீர்கள். ஒக்கொங்க்வோவின் முழு வாழ்க்கையையும் நம்மோடு வாழ வைத்துவிட்டு, கடைசியில் வெள்ளை அதிகாரி ஒருவரின் தலைக்குள் அச்செபே நம்மைக் கொண்டுபோகிறார். தான் எழுதப்போகும் புத்தகத்தில் இந்த மனிதனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று அவர் யோசிக்கிறார். நாம் இருநூறு பக்கம் வாசித்த வாழ்க்கை ஒரு பத்தி. ஆனால் அதே நாவலில், ஒக்கொங்க்வோவின் மகன் நுவோயே புதிய மதத்தின் பாட்டில் மனம் கரைந்துபோகும் இடமும் உண்டு. காட்டில் வீசப்பட்ட இரட்டைக் குழந்தைகளைப் பற்றி அவனுக்குள் கிடந்த கேள்விக்கு அந்தப் பாட்டுதான் பதில் மாதிரி வருகிறது. அச்செபேயின் அப்பாவே உபதேசியார். மிஷனைத் திட்டுவது மட்டும் அவர் நோக்கமாக இருந்திருந்தால் நுவோயேவை அவ்வளவு பரிவோடு எழுதியிருக்க மாட்டார்.

ஆப்பிரிக்க எழுத்தாளர்களை வைத்து நம் சபை அக்காவை மடக்குவது சுலபம். ஆனால் விஷயம் அதைவிட நமக்கு நெருக்கமானது. ஏனென்றால் இதே மாதிரி சாட்சிகளில் ஒரு காலத்தில் திரையில் ஓடிய படம் நாம்தான்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருடைய கூட்டாளிகளும் ஜெர்மனிக்கு அனுப்பிய குறிப்புகள் 1710 முதல் ஹாலே நகரில் அச்சாகின. அந்த வெளியீடுகளை வாசித்தவர்கள்தான் மிஷனுக்குப் பணம் கொடுத்தவர்கள். அப்படியும் சீகன்பால்க் ஒரு நல்ல காரியம் செய்தார். தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். ஏறத்தாழ நூறு கடிதங்கள். கிறிஸ்தவர்களின் குடியையும் அசுத்தத்தையும் அதில் தமிழர்கள் வெளிப்படையாகவே சாடினார்கள். அதாவது குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுத்த சாட்சி. ஆனால் 1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி அனுப்பியபோது ஹாலேயில் இருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், அதைப் பரப்ப இல்லை என்பது அவர் வாதம். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இன்னொன்று நமக்குக் கொஞ்சம் வலிக்கக் கூடியது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்த கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். தான் யார் மத்தியில் ஊழியம் செய்தாரோ அந்த மக்களை அறிவிலும் பண்பிலும் கீழானவர்களாகக் காட்டும் நூல். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்காக எழுதியது. எழுதப்பட்டவர்கள் ஒருநாள் ஆங்கிலம் படித்து அதை வாசிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வாசித்தார்கள். கொதித்தார்கள். அதற்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை. மிஷனரிகளோடு ஏற்கெனவே முறிந்து, 1857இல் தனியாக இந்துக் கிறிஸ்தவச் சபையை உருவாக்கியவர் அவர்.

அதே சமூகத்தில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று அந்தத் தமிழர் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்காக இந்தியத் திருச்சபை நன்றியோடு இருக்கும். ஆனால் நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அசரியா மிஷனுக்கு எதிரி இல்லை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவரே அவர்தான். உள்ளே இருந்துகொண்டே கேட்டார், அதனால்தான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம்.

மிஷன் சாட்சியின்மேல் வைக்க வேண்டிய விமர்சனத்தை ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நூறு வருடத்துக்கு முன்பே வைத்துவிட்டார். அது நம் சொத்து. சாலாக் செலாத்தான் மாடியில் அது ஒருவருக்கும் நினைவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இவ்வளவு பழைய கதைக்குப் போக வேண்டியதும் இல்லை. என் பாட்டி கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிறிஸ்மஸ் சமயத்தில் பட்டணத்திலிருந்து வேனில் ஆட்கள் லயத்துக்கு வருவார்களாம். பால் மாவு, பிஸ்கட், பழைய துணி. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பார்களாம். "துணி நல்ல துணிதான். ஆனா படம் எடுத்துட்டுப் போனாங்களே, ஒருநாள்கூடக் கொண்டாந்து காட்டல" என்பார் பாட்டி. அந்தப் படம் இன்னும் யாருடைய ஆல்பத்திலாவது இருக்கலாம். 'ஒன்றுமில்லாவிட்டாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று யாரோ அதைக் காட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். லயத்தில் இருந்தவர்கள் சந்தோஷமாகவா இருந்தார்கள்? அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் நாம். இப்போது நாம் கேமராவோடு போகிறோம். போகட்டும், தப்பில்லை. ஆனால் இங்கே, நம் நகரத்தில் என்ன நடக்கிறது? நான் வாடகைக்கு இருந்த ஒரு பிளாட்டில், ஆப்பிரிக்கர்களுக்கு யாரும் வீடு கொடுக்கக் கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஆமாம் என்று கை தூக்கியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். நம்மை ஒருவன் 'கெலிங்' என்றால் ரத்தம் கொதிக்கிறது. லிப்டுக்குள் ஒரு நைஜீரிய மாணவன் ஏறினால் 'ஆவாங் ஈத்தாம்' என்று முணுமுணுக்க நமக்கு வாய் கூசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை மண்டபத்தில் கூடி ஆராதிக்கும் ஆப்பிரிக்கச் சபைகள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. விமானம் ஏற வேண்டாம், எல்ஆர்டி போதும்.

இன்னொரு சின்னக் கணக்கு. எத்தியோப்பியாவின் அக்சும் அரசன் எசானா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவன். அகஸ்டின் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். தரங்கம்பாடியில் தொடங்கிய நம் புராட்டஸ்டண்ட் வரலாற்றுக்கு முந்நூற்றுச் சொச்சம் வயது. யார் யாருக்குச் சுவிசேஷம் கொண்டுபோவது?

இப்போது அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். மீகூனும் கோழிப் பிரட்டலும். அக்கா என் எதிரில் உட்கார்ந்தார். மேடையில் இருந்த குரல் போய்விட்டிருந்தது. "தம்பி, ஒரு கூத்து நடந்துச்சு" என்று தொடங்கினார். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. தங்கியிருந்த வீட்டு அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, தன் மொழியில் ஜெபித்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் விசாரித்திருக்கிறார், உங்கள் சபையில் எத்தனை பேர் என்று. நாற்பது பேர் என்றிருக்கிறார் அக்கா. அந்த அம்மாவின் சபையில் நானூறு பேர். "ஐயோ பாவம், நாப்பது பேர்தானா? இனிமே உங்களுக்காக நாங்க தினமும் ஜெபிக்கிறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னார். "நான் மிஷனரியாப் போனேன் தம்பி. அங்க போய்ப் பார்த்தா நான்தான் மிஷன் ஃபீல்டு."

அன்று மாலை நான் கேட்ட ஒரே இலக்கியம் அதுதான். அதில் ஆள் இருந்தார், பேச்சு இருந்தது, சொல்பவரே சிறுத்துப்போகும் ஒரு தருணம் இருந்தது. எடின்பரோவில் அசரியா கேட்ட நட்பு கிட்டத்தட்ட அதுதான் என்றுகூடத் தோன்றியது. "இத ஏங்க்கா மேடையில சொல்லல?" என்றேன்.

அவர் யோசித்தார். "அதச் சொன்னா அடுத்த ட்ரிப்புக்கு யாரு காசு போடுவா?"

ஹாலேயில் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. பணம் கொடுப்பவருக்குத் தேவையில்லாத உண்மை மேடை ஏறுவதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயணத்தில் ஒரு கிணற்றுக்கும் சேர்த்துப் பணம் கொண்டுபோயிருந்தார்கள், கிணறு நிஜம். ஆனால் அந்த அம்மாவும் நிஜம். ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சபைப் பத்திரிகைக்கு அக்கா இந்தப் பயணத்தைக் கட்டுரையாக எழுதப்போகிறார். காய்ச்சல் ராத்திரியை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றார்.

கிளம்பும்போது அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். யோசிக்காமல் உடனே சொன்னார், எப்படி உச்சரிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. முதலில் எழுத வேண்டியவர் அவர்.