ஹர்லியின் இரவுக் கப்பல்

பனியிலும் இருட்டிலும் மல்லுக்கட்டி எடுத்த படம் என்றாலே நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அது படத்துக்கா, எடுத்தவர் பட்ட பாட்டுக்கா என்று பிரித்துப் பார்க்க, ஃபிராங்க் ஹர்லியின் அண்டார்க்டிகா படங்கள் நல்ல இடம்.

துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிப்பாளங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. ஆகஸ்டில் ஓர் இரவு, கப்பலைச் சுற்றிச் சுமார் 20 ஃபிளாஷ்களை வெடிக்கவைத்து, பயணக் குழுவின் புகைப்படக்காரரான ஹர்லி அதைப் படமெடுத்தார். கன்னங்கரிய வானத்தின் முன்னால் பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் உறைபனி ஏறித் தடித்து, வெள்ளை வெளேரென்று தெரிகிறது. பகலாக இருந்தால் இதே கயிறுகள் வெளிறிய வானத்தில் கரைந்திருக்கும். கயிற்றுக்குக் கனம் கொடுத்தது குளிர். அதைத் துலக்கிக் காட்டியது இருட்டு. இவை இல்லையென்றால் இந்தப் படமே இல்லை.

ஆனால் அன்று கப்பல் அசையாமல் நின்றது. ஹர்லியிடம் நல்ல கேமராவும் கண்ணாடித் தகடுகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, யோசிக்க நேரம் இருந்தது.

நவம்பரில், நொறுங்கிக் கிடந்த கப்பலுக்குள் உறைநீரில் இறங்கி நெகட்டிவ்களை மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க வழியில்லை. ஷாக்கிள்டனோடு உட்கார்ந்து சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400 வரை உடைத்துப் போட்டார். நெஞ்சு பதறும் வேலை. நாம் வியக்கும் தொகுப்பில் சலிப்பூட்டும் படம் அரிதாக இருப்பதற்கு, இரக்கமில்லாத அந்தத் தேர்வுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

பிறகு கையில் மிஞ்சியது ஒரு சின்ன கோடாக் கேமரா, மூன்று ஃபிலிம் சுருள். கப்பலை இழந்தவர்கள் 1916இல் ஒதுங்கிய எலிஃபண்ட் தீவில் பட்ட கஷ்டம் முன்பைவிடக் கொடியது. கஷ்டம்தான் படத்துக்கு வலு என்றால் உச்சம் அங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுக்கேறிய முகங்களோடு ஆட்கள் கூடி நிற்கும் குழுப்படம் நம்மை உலுக்குகிறது. உலுக்குவது அவர்களுடைய கதை. உதவி தேடிப் படகு புறப்பட்ட படத்தைத் திருத்தி, மீட்புக் காட்சியாகவே காட்டினார் ஹர்லி. நடந்ததைக் கைவிட்ட அந்த ஒட்டுவேலையை என்னால் ஏற்க முடியவில்லை.

தீவுப் படங்களை விலைமதிப்பற்ற ஆவணங்களாக மதிக்கிறேன். கலையென்று எடைபோட்டால் இரவுக் கப்பலுக்குத்தான் என் முதலிடம்: தடையாக வந்த இருட்டையும் உறைபனியையும் ஹர்லி அங்கே வேலை வாங்கியிருக்கிறார்.