கணினி அச்சில் உதிரும் புள்ளிகளும் கோடுகளும்

1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட மலபார் மக்கள் தம் ஊர்ப் பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். மஞ்சேரி, திரூர் போல நம் வண்டூரும் கடல் கடந்து வந்த பெயரே. ஆங்கிலப் பலகையில் இப்பெயரைப் படித்த நம் பிள்ளையைத் தமிழில் எழுதச் சொன்னால் வந்தூர், வாண்டூர், வன்டூர் என்று எதையும் எழுதும். பிள்ளை மேல் குற்றமில்லை. ணகரத்துக்கு 'என்' எழுத்தின் கீழ் ஒரு புள்ளி, டகரத்துக்கும் கீழே ஒரு புள்ளி, ஊகாரத்துக்கு மேலே ஒரு கோடு இட்டிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) தலைச்சொல்தோறும் இம்முறையைத்தான் கையாண்டது.

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பண்டிதர் வேலைங்க, நமக்கெதுக்கு?" என்பார் உண்டு. இஃது ஏற்கத்தக்கதன்று. மெய்யெழுத்துக்கும் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி விதித்தது தொல்காப்பியம். பவணந்தி முனிவரும் நன்னூலில் அதையே வழிமொழிந்தார். ஓலைச்சுவடியில்தான் பெரும்பாலும் புள்ளி விடுபட்டது. படிப்பவர் தம் அறிவால் நிரப்பிக்கொண்டார். புள்ளியை உறுதியாக நிலைநிறுத்தியது அச்சு. அந்த அச்சே கணினிக்கு மாறியபின் மறுபடி ஓலைக்காலத்துக்குப் போவானேன்?

காரணம் இடப்பஞ்சம். பழைய எழுத்துருவில் மொத்தம் 256 இருக்கைகள். முதல் 128 ஆங்கிலத்துக்கு. எஞ்சியவற்றில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. நம்மவர்கள் அவற்றை எழுப்பிவிட்டுத் தமிழை உட்கார வைத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு வகுத்த 'டாப்' முறையும் இவ்வகையினதே. (பாமினி இன்னும் ஒரு படி மேலே போய் ஆங்கிலத்தின் இருக்கையிலேயே அமர்ந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்!) ஆகவே தமிழும் குறியிட்ட உரோமன் எழுத்தும் ஒரே எழுத்துருவில் குடியிருக்க வழியில்லை. சொல்லுக்குச் சொல் எழுத்துருவை மாற்ற வேண்டும். டிடிபி செய்பவர் அழகுக்காகப் பக்கம் முழுவதையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றினால் போதும், தீர்ந்தது கதை.

நம் பக்கத்துக் குறிகளுக்கும் இதே கதிதான். சமணரின் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நூல். அதில் வரும் வடசொற்களைக் கிரந்தமின்றித் தமிழெழுத்தால் அச்சிடுவோர் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண் இடுவர். பலம் என்பதில் பகரத்துக்கு 2 இட்டால் பழம், பயன். 3 இட்டால் வலிமை. 'கர்ம பலம்' என்பதில் எண் விழுந்துவிட்டால் வினையின் பயனா, வினையின் வலிமையா? ஓர் அச்சகத்தில் (பெயர் வேண்டாம்) சிறுநூல் ஒன்றை அச்சிடக் கொடுத்தேன். தோளில் இருந்த 2 கீழே இறங்கிப் பெரிய எண்ணாகிவிட்டது. வாசகர் ஒருவர், "இரண்டாம் அடிக்குறிப்பு எங்கே ஐயா?" என்று கேட்டார். சிரிப்பதா, அழுவதா?

1991இல் வெளிவந்த யூனிகோடு இந்த இருக்கைச் சண்டையைத் தீர்த்துவிட்டது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. 2014இல் கிரந்தத்துக்கே தனியிடம் கிடைத்தது. எனினும் முழுக்கக் கவலை விட்டதென்று சொல்ல மாட்டேன். சிற்றெண்ணை மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே தட்டினால் எழுத்து உடைந்து புள்ளி வட்டம் தோன்றும்; உயிர்க்குறிக்குப் பின்னரே தட்ட வேண்டும். 2, 3 ஆகியவை பழைய ஐரோப்பியப் பட்டியலைச் சேர்ந்தவை. 4 வேறிடத்தில் இருப்பதால் சில எழுத்துருக்களில் அது மட்டும் இராது. வேறு எழுத்துருவிலிருந்து இரவலாக வந்து துருத்திக்கொண்டு நிற்கும். ழகரத்துக்குரிய, கீழே கோடிட்ட 'எல்' எழுத்தையும் ஒரே எழுத்தாகவும் தட்டலாம், எழுத்து வேறு கோடு வேறாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமலும் போகும்.

இவை பழகினால் சரியாகிற சங்கடங்கள். வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர்களில் நான் காணும் குறை வேறு. வலி, வளி இரண்டும் உரோமன் எழுத்தில் ஒரே சொல்லாக நிற்கின்றன. யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே பல பிள்ளைகளுக்குத் தமிழைவிட இந்தி எழுத்தே பழக்கம். நாகரியில் நம் ழகரத்துக்கென்றே, ளகரத்தின் கீழ் புள்ளியிட்ட எழுத்து உண்டு. றகரத்துக்கும் னகரத்துக்கும் அப்படியே. யூனிகோட்டில் இவை எல்லாம் இருந்தும், பிள்ளைகளுக்கு நாகரியில் தரும் பாட்டுத் தாள்களில் அந்தப் புள்ளியைக் காணோம். அதைப் பார்த்துப் பாடும் பிள்ளை 'வாழி' என்பதை 'வாளி' என்றுதான் பாடும்.

அடுத்த மலருக்கு எழுதுவோர் தம் கட்டுரையில் வரும் குறியிட்ட சொற்களை மட்டும் தனித்தாளில் கையால் எழுதி இணைக்கலாம். பக்கம் அமைத்து முடித்தபின், திரையில் அல்லாமல் அச்செடுத்த தாளில் அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். உறுப்பினர் பெயர்ப் பட்டியலில் தொடங்கலாம்; ழகரமும் ளகரமும் அங்கேதான் அதிகம் அடிபடுகின்றன.