பி செல்லை நீக்கிப் பார்த்தபோது

சிறுநீரக மாற்று அறுவைக்கு உள்ளானவர்களிடம் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் நடத்திய சிறு சோதனை பாதியில் நின்றுபோனது. முடிவு 2009இல் வெளிவந்தது. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து பெற்ற 6 பேரில் 5 பேரின் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது; வேறு மருந்து பெற்ற 7 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. ஆன்டிபாடி சுரக்கும் வம்சத்தையே அகற்றினால் நிராகரிப்பு குறையும் என்றல்லவா எல்லோரும் நினைத்திருந்தார்கள்!

பி செல்லும் சகிப்புத்தன்மையும் (நோயெதிர்ப்பு மண்டலம் ஒன்றைத் தாக்காமல் விட்டுவைப்பது) என்றாலே பாடநூல்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும். அதுவும் உண்மைதான். பி செல் ஏற்பிகள் குருட்டாம்போக்கில் உருவாகின்றன. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு 2003இல் கணக்கிட்டபடி, மனித மஜ்ஜையில் முதலில் தோன்றும் பி செல்களில் 55 முதல் 75 விழுக்காடு வரை சொந்த உடலையே இலக்காகக் கொண்டவை. அவற்றில் சில ஏற்பியைத் திருத்திக்கொள்கின்றன, சில மடிகின்றன, சில உயிரோடிருந்தும் செயலற்றுப்போகின்றன. ஆனால் இவையெல்லாம் பி செல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் கதை. பிற செல்களையும் அது அடக்குகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் கட்டுரைகள் ஏராளம்.

இரண்டாவது கேள்விக்கு வலுவான தடயம் யேலில் சார்லஸ் ஜேன்வே குழுவிடமிருந்து 1996இல் கிடைத்தது. பிறவியிலேயே பி செல் இல்லாத எலிகளுக்கு, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸை ஒத்த நரம்பு அழற்சியை உண்டாக்கினார்கள். நோய் வழக்கம்போல் வந்தது, ஆனால் வழக்கமாகத் தணிவதுபோல் தணியவில்லை. 2002இல் எடின்பரோவில் சிமோன் ஃபில்லட்ரோவும் சகாக்களும் காரணத்தைச் சுட்டினார்கள்: பி செல்கள் சுரக்கும், அழற்சியைத் தணிக்கும் புரதமான இன்டர்லூக்கின்-10. மறு ஆண்டே லண்டனில் கிளாடியா மௌரி குழு மூட்டழற்சி எலிகளிலும் அதையே கண்டது.

இங்கேதான் துறை தடுமாறுகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்லுக்கு ஃபாக்ஸ்பி3 என்ற அடையாளம் உண்டு. அந்த வகை ஆய்வுக்கு 2025இல் நோபல் பரிசும் வந்துவிட்டது. அடக்கும் பி செல்லுக்கு அப்படி ஒற்றை அடையாளம் எதுவும் கைக்கு அகப்படவில்லை. ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. என் கணிப்பில் அடக்கும் பி செல் என்பது தனி இனமே அல்ல. எந்தப் பி செல்லும் தக்க தூண்டுதலில் கொஞ்ச காலம் ஏற்கும் பணி.

மருந்தில்லாமலே மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் அபூர்வ நோயாளிகளின் இரத்தத்தில் பி செல் மரபணுக்கள் ஓங்கியிருப்பதாக 2010இல் வந்த இரு ஆய்வுகளை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த நோயாளிகள் உட்கொண்ட மருந்துகளே பி செல்களைக் குறைப்பவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

மறுபக்கம் ஜெர்மனியின் எர்லாங்கன். அங்கே கார்-டி சிகிச்சையால் (மரபணு மாற்றிய டி செல்களை ஏவும் முறை) பி செல்கள் அறவே துடைக்கப்பட்ட, லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய் கொண்ட ஐந்து நோயாளிகளும் 2022 அறிக்கையின்படி நோய் தணிந்து, மருந்தை விட்டார்கள். சுமார் 110 நாட்களில் பி செல்கள் திரும்பின, பெரும்பாலும் அனுபவமற்ற புதியவையாக. இடைப்பட்ட காலத்திலும் லூபஸ் தலைகாட்டவில்லை. அடக்கும் பி செல் இல்லாமல் சகிப்பு இல்லை என்று வாதிடுவோர் முதலில் இந்த ஐவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.